நரைத்த ஹெல்ப்பர்

ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகத்தின் பெயர் ஹெல்ப்பர். ஏசி சர்வீஸ் ஹெல்ப்பர். மார்ச் கடைசியில் சேர்ந்தேன், ஜூன் மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் வருத்தமில்லை. சீசன் வேலை, சீசனோடு போயிற்று. ஏப்ரலிலேயே ஏன் அனுப்பவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விம்கோ நகர்க்காரனுக்கு இந்த வேலை ராசியில்லை என்று முதலிலேயே யோசித்திருக்கலாம். ஊருக்குப் பெயர் வந்ததே தீப்பெட்டியால். 1923-ல் சுவீடன்காரர்கள் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கிக் கூப்பிட்டால் விம்கோ. அந்தப் பெயர் முதலில் ரயில்வே ஸ்டேஷனில் ஏறியது, 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஸ்டேஷனிலும் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் கம்பெனிகளைவிடக் கம்பெனிப் பெயர்களுக்கு ஆயுசு கெட்டி. பற்றவைக்கிற பெட்டியால் பெயர் வாங்கிய ஊரிலிருந்து குளிரடிக்கிற பெட்டியைக் கழுவக் கிளம்பினேன்.

நான் இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் 26 வருஷம், அதில் கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைசர். லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணுவது, எண்ணுகிறவர்களை அதட்டுவது, இரண்டும்தான் வேலை. ஒருநாள் விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். விருப்பம் யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை. வந்த பணம் மகளின் காலேஜுக்கும் வீட்டுக் கடனுக்கும் போக, மிச்சம் இருந்தது நான்.

ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் நிஜமாகவே சும்மா இல்லை. சமையல்கட்டில் மனைவிக்குப் பின்னால் நின்று அடுப்பைக் குறைக்கச் சொல்வேன். குக்கர் விசிலை எண்ணுவேன். மூன்று என்பாள், நான் நான்கு என்பேன். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, எங்கயாவது வேலைக்குப் போங்க. சம்பளம் குடுக்கலன்னாலும் பரவால்ல" என்றாள்.

தேரடிப் பக்கம் ஏசி சர்வீஸ் கடை வைத்திருப்பவர் எனக்கு டீக்கடைப் பழக்கம். வெயில் ஏற ஏற அவருக்குப் போன் ஓயாது, ஆள் கிடைக்காது. "சீசனுக்கு மட்டும் வந்துருங்க சார், ஒத்தாசையா இருக்கும்" என்றார். கணக்கு எழுதக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, படிக்கிற கண்ணாடி சகிதம் காலை எட்டரைக்குப் போய் நின்றேன். கையில் ஒரு பக்கெட்டைக் கொடுத்தார். நாளுக்கு 600 ரூபாய், மதியச் சாப்பாடு நம்முடையது.

நான் போய்ச் சேர்ந்த மெக்கானிக் தம்பிக்கு வயது 24. ஐடிஐ முடித்தவன், ஒல்லி, காதில் எப்போதும் இயர்போன். முதல் நாள் என்னை "சார்" என்றான். இரண்டாவது வாரம் "அங்கிள்". மே மாதம் பிறந்தபோது "பெருசு" ஆகியிருந்தேன். கம்பெனியில் மேலே ஏற எனக்கு 17 வருஷம் ஆயிற்று. இறங்க ஆறு வாரம் போதுமாக இருந்தது.

என் பிரச்சினை என்னவென்றால், என் தலை. தொப்பி மாதிரி நரைத்த தலை, மூக்கில் கண்ணாடி, பாக்கெட்டில் அந்தப் பேனா. பெல்லை அடித்தால் கதவு திறக்கும், திறந்தவர் பார்வை தம்பியைத் தாண்டி வந்து நேராக என் மேல் உட்காரும். "வாங்க சார், போன வருஷம் பண்ணதுலேர்ந்து கூலிங்கே இல்ல, என்னன்னு பாருங்க." அவன்தான் மெக்கானிக் என்று சொல்ல இரண்டு வார்த்தை ஆகும். ஒரு வீட்டிலும் நான் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கி, மேலே இருக்கும் இண்டோரை ஒரு பார்வை பார்த்து, "பாத்துடலாம்" என்பேன். தம்பி பின்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவான். ஏணியைத் தூக்க வேண்டியவன் நான்.

இனி அந்தப் 'பாத்துடலாம்' செய்த வேலைகள்.

ஸ்ப்ளிட் ஏசியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல்மூடியைக் கழற்றி, போர்டில் தண்ணீர் படாமல் பாலித்தீன் சுற்றி, இண்டோருக்கு அடியில் பெரிய பை ஒன்றைத் தூளி மாதிரி கட்டுவார்கள். பையின் அடியில் ஒரு குழாய், அது பக்கெட்டுக்குள். மேலே மெக்கானிக் பம்பால் பீய்ச்ச, காயிலிலும் புளோயரிலும் ஒரு வருஷமாகப் படிந்தது எல்லாம் கறுப்பாகக் கரைந்து குழாய் வழியாக இறங்கும். பக்கெட் முக்கால் நிறைந்ததும் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். பாத்ரூமில் கொட்டிவிட்டு வந்து குழாயை மறுபடி உள்ளே விட வேண்டும். ஹெல்ப்பரின் படிப்பு இவ்வளவுதான். ஒரு நாயைப் பழக்கினால் நிறைந்ததும் குரைத்துவிடும்.

எர்ணாவூர் பக்கம் ஒரு வீடு. கட்டிலை நகர்த்த இடமில்லாத அறை. கட்டிலில் அன்று காலைதான் பாலித்தீன் உறையைப் பிரித்த புது மெத்தை. வீட்டுப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "சார், ஒரு டன் ஏசின்னு சொல்றாங்களே, தூக்குனா ஒரு டன் வெயிட்டா இருக்கு?" என்றார்.

இந்தக் கேள்விக்காக நான் ஏழு நாளாகக் காத்திருந்தேன். ராத்திரியில் தூக்கம் வராமல் செல்போனில் படித்து வைத்திருந்தேன். "வெயிட் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகி முடிய எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு சூட்டை அறையிலிருந்து இழுத்து வெளியே தள்ளுகிற பலம், அதற்குப் பெயர்தான் ஒரு டன். கணக்குப் போட்டால் மணிக்கு 12,000 பி.டி.யூ. அமெரிக்காவில் ஐஸ் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்துக் கணக்கு அது, அங்கே டன் என்றால் 907 கிலோதான், நம் ஆயிரம் கிலோ இல்லை. பெரியவர் வாயைப் பிளந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம மெட்ராஸ்லயே ஐஸ் ஹவுஸ் இருக்கே" என்று அடுத்த படிக்குத் தாவினேன். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் பனிக்காலத்தில் அறுத்த ஐஸ், மரத்தூளில் பொதிந்து கப்பல் ஏறி, உலகத்தையே சுற்றிக்கொண்டு மெரினாவில் வந்து இறங்கியது. அதை வைக்கத்தான் 1842-ல் அந்தக் கட்டடம். பிற்பாடு விவேகானந்தர் 1897-ல் வந்து தங்கிய வீடும் அதுதான்.

1842-ஐச் சொல்லி முடித்தபோது பக்கெட் வழிந்து, குழாய் நழுவி, மெத்தையின் தலைமாட்டில் ஒரு கறுப்பு இலங்கை உருவாகியிருந்தது. விவேகானந்தர் வந்து சேர்வதற்குள் அது இந்தியாவாகிவிட்டது.

"பெருசு! இன்னா பண்ணிக்கினு கீற? பக்கெட்ட பாரு!"

மெத்தையைச் சுத்தம் செய்த செலவில் பாதியைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். மீதி என் இரண்டு நாள் கூலி, 1,200 ரூபாய். ஐஸ் ஹவுஸுக்காக அமெரிக்கக் கம்பெனிக்குப் பிறகு கைக்காசு போட்டவன் அநேகமாக நான்தான்.

தம்பியிடம் ஒரு வித்தை இருந்தது. மாடியில் அவுட்டோர் முன்னால் குந்தி உட்கார்ந்து, பின்பக்கம் வரிவரியாக நிற்கும் அலுமினியத் தகடுகளைக் கட்டைவிரலால் லேசாகத் தொடுவான். வெள்ளையாகப் பூத்து மாவு மாதிரி உதிர்ந்தால், "கடல் காத்து நேரா அடிக்குது, ரெண்டு வருசத்துல காயில் போயிடும்" என்பான். உப்புக்காற்று அலுமினியத்தை அரித்து, காப்பரில் பச்சை ஏற்றி, கேஸ் கசியப் பண்ணும். கடலை விட்டுத் தள்ளி, லாரி ரூட்டுப் பக்கம் போனால் உப்பு குறைந்து வேறொன்று சேரும். கறுப்புத் தூசி, கழுவினால் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் துணியைக் காயப்போட்டு வாழ்கிறவர்கள்.

முப்பது வருஷமாக நான் இருக்கும் ஊரை அவன் கட்டைவிரலால் படிக்கிறானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டில் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நானும் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு கட்டைவிரலை வைத்து இழுத்தேன். அது புது அவுட்டோர். புதுத் தகடு பிளேடு மாதிரி இருக்கும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள அவசியமில்லாமல் போயிற்று. வீட்டுக்காரர் மஞ்சள்தூள் கொண்டுவந்தார். "என்ன சார், ரிப்போர்ட் எப்படி?" என்று கேட்டார். "நல்லா இருக்குது" என்றேன்.

ஏப்ரல் 15-க்குப் பிறகு எங்களோடு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை 61 நாள். முன்னே 45 நாளாக இருந்ததை 2017-ல் நீட்டினார்கள். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று படகைக் கட்டிப்போட்டுவிட்டால், படகில் போகிறவர்கள் பெயின்ட் அடிக்கவும் மூட்டை தூக்கவும் போவார்கள். அரசு கொடுக்கும் நிவாரணத்தில் இரண்டு மாசம் ஓடாது. "மீனு புள்ள பெத்துக்கற வரைக்கும் நான் ஏசி கழுவணும்ணா" என்றார். அவரும் என்னைப் போலச் சீசன் ஆள்தான். அந்த ஒற்றுமை அவரை நிமிர்ந்து பார்த்த அளவில் முடிந்துபோனது.

மூன்றாவது மாடி, சன்ஷேடில் அவுட்டோர். கழற்றிக் கீழே இறக்க வேண்டும். ஜன்னல் வழியாக வெளியே போய் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். வீட்டம்மா வழக்கம்போல என்னைப் பார்த்தார். நானும் வழக்கம்போல "பாத்துடலாம்" சொல்லி ஒரு காலை வெளியே போட்டேன். அப்புறம் கீழே பார்த்தேன். அதற்குப் பிறகு கால் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. ஜன்னல் கட்டையில், குதிரை ஓடிப்போன பிறகும் இறங்காத ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். கீழே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற கூட்டத்தில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, யாரோ பெரியவரு குதிக்கப் போறாரு!" என்று கத்தினார். குடங்களை வரிசையில் விட்டுவிட்டு நாலு பேர் ஓடிவந்தார்கள். தண்ணீர் வரிசையில் குடத்தை விட்டுவிட்டு வருவது எங்கள் ஊரில் பெரிய தியாகம்.

படகுக்காரர் என் இடுப்பைப் பிடித்து உள்ளே தூக்கி வைத்தார். பிறகு அந்த ஒரு முழ அகல சன்ஷேடில், தளும்புகிற படகின் விளிம்பில் நடக்கிறவரைப் போல வெறுங்காலோடு நடந்து போனார். கயிற்றையாவது நான் கட்டுகிறேன் என்று கட்டினேன். 26 வருஷம் பெட்டி கட்டிய இடத்தில் இருந்தவன். அவர் முடிச்சைத் திருப்பிப் பார்த்தார். "இது அவுக்கறதுக்குப் போட்ட முடிச்சுண்ணா" என்று பக்குவமாகச் சொல்லி, பிரித்து, வேறு போட்டார். என்னைக் கடைசிவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். ஜூன் 14 ராத்திரியே கடலுக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம்கூடச் சொல்லிவிடலாம். அடுத்ததை வீட்டிலேயே நான் இன்னும் சொல்லவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். மே 4-லிருந்து 28 வரைக்கும் நாளுக்கு ஏழு வீடு, எட்டு வீடு. காலடிப்பேட்டையில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். கதவில் இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் செக்‌ஷனில் லோடிங்கில் இருந்தவர். ஒரு தடவை ஒரு பெட்டி கணக்குக் குறைந்ததற்காகச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அவரை மூன்று முறை திருப்பித் திருப்பி எண்ணவைத்தவன் நான். பெட்டி அப்புறம் லாரியிலேயே இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பையில் கிடந்த மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டேன். தூசி அலர்ஜி என்று தம்பியிடம் சொன்னேன். தலையைக் குனிந்தபடி ஏணியை நானே தூக்கினேன், அந்த சீசனில் அதுதான் முதல் தடவை. கழற்றின ஸ்க்ரூக்களைத் தம்பி என் உள்ளங்கையில் போட, பழக்க தோஷத்தில் வாய்விட்டு எண்ணினேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது. "சார்?" என்றார் அவர்.

முகத்தை மறைத்தவன் குரலை மறைக்கவில்லை. அவர் பதறிப்போய், "நீங்க போய் இதெல்லாம்... உக்காருங்க சார்" என்று என்னை ஹால் சோபாவில் உட்கார வைத்தார். இல்லை, வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன். காபி வந்தது, குடித்தேன். பிஸ்கட் வந்தது, நனைத்தும் சாப்பிட்டேன். உள்ளே தம்பி ஒரு கையால் பம்பைப் பிடித்து, இறங்கி, பக்கெட்டைக் கொட்டி, மறுபடி ஏறி, ஒற்றை ஆளாகக் கழுவிக்கொண்டிருந்தான். அவர் பழைய கதையெல்லாம் பேசினார், அந்தப் பெட்டிக் கதையைத் தவிர. நானும் பேசினேன், அதைத் தவிர.

கிளம்பும்போது தம்பி கையில் 200 ரூபாய் வைத்தார். எனக்கு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடு போட்டார். மரியாதைப்பட்டவனுக்கு டிப்ஸ் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாடிப்படி இறங்கும்போது சட்டைப் பையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ. எண்ணிக்கை தவறியிருந்தது. மேலே ஏறிப் போய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் வீட்டு ஏசி ஒரு ஸ்க்ரூ குறைவாகத்தான் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும்.

தூங்கியதையும் சொல்லிவிடுகிறேன். கழுவி மாட்டியதும் கால் மணி நேரம் ஓடவிட்டுக் கூலிங் பார்க்க வேண்டும். 2020-லிருந்து வருகிற ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்கும், மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசு வைத்த ஏற்பாடு. தம்பி அடுத்த வீட்டு அவுட்டோரைப் பார்க்கப் போனான், என்னை உட்கார்ந்து கூலிங் பார்க்கச் சொன்னான். அன்றைக்கு அது ஏழாவது வீடு. வெளியே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். 24 டிகிரி போதாது என்று நான் அதை 20-க்கு இறக்கியது மட்டும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது லைட் போட்டிருந்தார்கள், என் மேல் ஒரு பூப்போட்ட போர்வை போர்த்தியிருந்தது. எழுந்து தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி, "பரவால்லப்பா, நல்லா கூலிங் வருதுன்னு உன்னப் பாத்தே தெரிஞ்சிக்கினோம்" என்றார். தம்பி என்னைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். மேலே 'டெஸ்டிங் ஓகே' என்று எழுதியிருந்தான். கடைக்காரர் அதற்கு ஒரு சிரிப்பு மட்டும் போட்டிருந்தார். அந்தச் சிரிப்பில் என் கூலி உயராது என்பது தெரிந்தது.

கடைசி வாரம் விலாசச் சீட்டில் எங்கள் வீட்டு நம்பரே இருந்தது. மூன்று மாசமாக ஊர் ஏசியைக் கழுவியவன் தன் வீட்டு ஃபில்டரைத் தொடவில்லை என்று மனைவியே கடைக்குப் போன் பண்ணி புக் செய்திருக்கிறாள். நான் பக்கெட்டும் கையுமாக என் வீட்டுப் பெல்லை அடித்தேன். கதவு திறந்தது. அவள் பார்வை என்னைத் தாண்டிப் போய் நேராகத் தம்பி மேல் நின்றது.

"வாங்க தம்பி, நீங்கதானே மெக்கானிக்?" என்றாள். என்னிடம், "நீங்க பக்கெட்டப் பாருங்க."

அந்த சீசன் முழுக்க ஆளைச் சரியாகப் பார்த்தது அந்த ஒரு வீடுதான். பக்கெட்டையும் அன்றைக்குச் சரியாகப் பார்த்துக்கொண்டேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. தம்பி போகும்போது 'பெருசு' என்று சொல்ல வாயெடுத்து, அவளைப் பார்த்துவிட்டு, "வரேன் சார்" என்றான்.

இந்த வருஷமும் கடைக்காரர் போன் பண்ணிவிட்டார், போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நீங்கள் ஏசி சர்வீசுக்குச் சொல்லி, கண்ணாடி போட்ட நரைத்த தலை ஒன்று பக்கெட்டோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், தயவுசெய்து டன், ஸ்டார், யூனிட் என்று அவரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்லுவார்.